பாட்ஸி ரேடார் நிலையம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகள் இங்கிலாந்தில் இப்ஸ்விச்சில் இருக்கிறாள். போன முறை நான் அங்கே போனபோது, பக்கத்தில் பாட்ஸி என்ற கடலோர ஊருக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பழைய ராணுவ ரேடார் நிலையம் இருக்கிறது. மூடி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனைக் காப்பாற்றியதே இந்த இடம்தான் என்கிறார்கள். ஆனால் அதே காலத்தில் ஜெர்மானியரிடம் இதைவிட நல்ல ரேடார் இருந்ததாகப் படித்தேன். அப்படியானால் இது ஜெயித்தவர்கள் பேசும் பெருமைதானா? ரேடாரைக் கண்டுபிடித்தவர் வாட்சன்-வாட் என்பதாவது உண்மையா?

எஸ்.கே., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.கே.,

நீங்கள் படித்தது சரிதான். ஜெர்மானியரின் ஃப்ரேயா ரேடார் சுமார் 2.4 மீட்டர் அலைநீளத்தில் இயங்கியது. ஆன்டெனாவைத் திருப்பி ஒரு திசையை மட்டும் கூர்ந்து பார்க்க முடியும். பாட்ஸியில் பிறந்த 'செயின் ஹோம்' என்ற பிரிட்டிஷ் ரேடார் அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. 360 அடி உயர எஃகுக் கோபுரங்களிலிருந்து, கோயில் திருவிழாவில் போடும் ஃபிளட்லைட் மாதிரி, கடலை நோக்கி அலைகளைக் கொட்டியது. திரும்பி வருவதை 240 அடி மரக் கோபுரங்கள் வாங்கிக்கொண்டன. விமானம் கரையைத் தாண்டி உள்நாட்டுக்குள் வந்துவிட்டால் அதனால் பின்தொடர முடியாது. அதற்கு மேல் பைனாகுலரோடு நின்ற கண்காணிப்புப் படையினர்தான் கதி.

ஆனாலும் பாட்ஸிக்குக் கிடைக்கும் பெருமை நியாயமானது என்றே நினைக்கிறேன். காரணத்தைத்தான் பலரும் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

முதலில் வாட்சன்-வாட். ரேடார் எந்தத் தனி மனிதரின் சொத்தும் கிடையாது. கிறிஸ்டியான் ஹூல்ஸ்மையர் என்ற ஜெர்மானியர் 1904லேயே வானொலி அலையால் கப்பலைக் கண்டறியும் கருவிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பிரிட்டனில் ஆரம்பம் வேறு விதம். எதிரியைக் கொல்லும் 'மரணக் கதிர்' சாத்தியமா என்று விமானத்துறை வாட்சன்-வாட்டைக் கேட்டது. அவர் தன் உதவியாளர் அர்னால்ட் வில்கின்ஸிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார்: 5 கிலோமீட்டர் தூரத்தில், 1 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் 8 பைன்ட் தண்ணீரை 98 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 105க்குச் சூடாக்க எவ்வளவு சக்தி வேண்டும்? 8 பைன்ட் என்றால் ஏறக்குறைய நான்கரை லிட்டர், மனித உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு. கேள்வி எதற்கு என்று வில்கின்ஸுக்கு உடனே புரிந்துவிட்டது. நடக்காத காரியம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அப்புறம், விமானம் பறந்தால் வானொலி வரவேற்பு குலைவதைத் தபால்துறைப் பொறியாளர்கள் கவனித்திருக்கிறார்கள் என்று சொன்னதும் அவர்தான். 1935 பிப்ரவரி 26 அன்று டேவென்ட்ரியில் பிபிசி ஒலிபரப்பின் அலைகளை வைத்து ஒரு ஹேஃபோர்ட் விமானத்தை 8 மைல் தொலைவில் கண்டுபிடித்தார்கள். வில்கின்ஸின் பெயர் வெளியே யாருக்கும் தெரியாமல் போனது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

மறு வருடம் விமானத்துறை பாட்ஸி மாளிகையை 24,000 பவுண்டுக்கு வாங்கியது. அந்த 1936 செப்டம்பரில் நடந்த முதல் ஒத்திகை படுமோசமாக முடிந்தது. 1937 மே மாதம் நிலையம் விமானப்படையின் கைக்கு வந்தது.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதற்கு இணையாக நடந்ததைத்தான். கருவி ஒழுங்காக வேலைசெய்யும் முன்பே ஹென்றி டிஸார்ட் என்ற விஞ்ஞானி பிக்கின் ஹில் விமானதளத்தில் ஒரு பயிற்சியைத் தொடங்கிவிட்டார். ரேடார் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, அதிலிருந்து வரக்கூடிய தகவலை வைத்து விமானிகளை எதிரியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று பழகினார்கள். ஆக, கருவி வந்து சேரும்போது அதைப் பயன்படுத்தும் வழி தயாராக இருந்தது. திரையில் தெரிவது தொலைபேசி வழியே, போர் விமானப் பிரிவின் தலைமையகமான பென்ட்லி பிரையரியின் வடிகட்டும் அறைக்குப் போகும். பல நிலையங்களின் தகவலை ஒப்பிட்டு, பிழை நீக்கி, போர் விமானதளங்களுக்கு அனுப்புவார்கள். எல்லாம் சில நிமிடங்களில். இப்படி ஒரு அமைப்பை ஜெர்மானியர் அப்போது கட்டியிருக்கவில்லை.

இதில் பெண்களின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. திரையில் ஒரு கோடு, அதில் கீழ்நோக்கி ஒரு சிறு பள்ளம், அவ்வளவுதான் தெரியும். ஒரு குமிழைத் திருகி, அந்தப் பள்ளம் மறையும் இடத்தை வைத்துத் திசையைக் கணிக்க வேண்டும். அது துடிக்கும் விதத்தை வைத்து, வருவது மூன்று விமானமா முப்பதா என்று சொல்ல வேண்டும். அது பழகிப் பழகி வரும் கை. 1940 ஆகஸ்ட் 18 அன்று போலிங் நிலையத்தின் மேல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, ஏவிஸ் ஹெர்ன் என்ற பெண் தொலைபேசியை விட்டு எழாமல் தகவல்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். ராணுவப் பதக்கம் கொடுத்தார்கள். அதற்கு ஆறு நாள் முன்பு டோவர், ரை, பெவென்ஸி, வென்ட்னர் நிலையங்கள் தாக்கப்பட்டன. வென்ட்னர் தவிர மற்றவை சில மணி நேரத்தில் மறுபடி இயங்கின. இந்த நிலையங்களைத் தாக்குவதால் பெரிய பயனில்லை என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் முடிவுக்கு வந்ததும் அந்த வாரத்தில்தான்.

கருவி மட்டும் போதாது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானியக் கப்பற்படை வருவதை முந்தைய நாளே ஒரு கேட்டலினா விமானம் பார்த்துச் சொல்லியிருந்தது. கொழும்பில் ரேடாரும் இருந்தது. ஆனாலும் குண்டுவீச்சு விமானங்கள் வந்து சேர்ந்தபோது ரத்மலானை விமானதளத்தின் ஹரிக்கேன் போர் விமானங்கள் தரையில்தான் நின்றன. நான்கு நாள் கழித்து திருகோணமலையில் ரேடார் எச்சரிக்கை நேரத்துக்கு வந்தது, விமானங்கள் மேலே ஏறிவிட்டன. இரண்டும் ஒரே தீவு, ஒரே படை.

அங்கே கோபுரங்கள் எதுவும் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. விமானப்படை 1991ல் வெளியேறியது, கடைசிக் கோபுரம் 2000ல் இறக்கப்பட்டது. ஆனால் அலைபரப்பிகள் இருந்த கட்டடம் இப்போது அருங்காட்சியகம். அடுத்த முறை போனால், அது திறந்திருக்கும் நாளை மகளிடம் கேட்டு வைத்துக்கொண்டு, உள்ளே போய் ஒரு மணி நேரமாவது நிதானமாகப் பாருங்கள். வில்கின்ஸைப் பற்றியும் அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்.

அன்புடன்