ஷியர் போல்ட்டுக்குப் பதில் ஆலன் போல்ட் போடலாமா?

கேள்வி: என் ரொட்டவேட்டரில் (டிராக்டரின் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் சுழல்கத்திக் கருவி) ஏக்கருக்கு இரண்டு ஷியர் போல்ட் உடைகிறது. 12.9 கிரேடு (வலிமை கூடிய) ஆலன் போல்ட் போட்டால் உடையவே உடையாது என்று ஒரு வீடியோவில் மாட்டிக் காட்டினார்கள். போடலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: போடவே போடாதீர்கள். ஷியர் போல்ட்டை வைத்திருப்பதே உடைவதற்குத்தான். கத்தி வேர்க்கட்டையில் மாட்டியதும் போல்ட் அறுந்து, டிராக்டரையும் ரொட்டவேட்டரையும் இணைக்கும் ஷாப்ட் வெறுமனே சுற்ற வேண்டும். அது அறாவிட்டால் அந்த அடி ஷாப்டின் ஜாயின்ட் கிராஸுக்கும், கியர்பாக்ஸின் கிரவுன், பினியன் பற்சக்கரங்களுக்கும், டிராக்டரின் பி.டி.ஓ. தண்டுக்கும் (எஞ்சின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுப்பது) போகும். இப்படிப்பட்ட வீடியோக்கள் பெரும்பாலும் ரொட்டவேட்டர் அந்தரத்தில் சுற்றுவதோடு முடிந்துவிடும். அந்தரத்தில் சுமை ஏது? கட்டை மாட்டும்போதுதான் போல்ட்டின் வேலை தெரியும்.

கையேட்டில் உள்ள அளவும் கிரேடும்தான் கணக்கு. பல ரொட்டவேட்டர்களுக்கு 8.8; போல்ட்டின் தலையிலேயே பொறித்திருக்கும். போல்ட் இணைக்கும் இரண்டு பிளேஞ்சும் (வட்டத் தகடுகள்) சேரும் இடத்தில் மரை வரக் கூடாது, வழுவழுப்பான தண்டுதான் வர வேண்டும். முழு மரை போல்ட் சீக்கிரம் போய்விடும்.

அடிக்கடி உடைவது ஏன் என்பதை உடைந்த துண்டே சொல்லும். வெட்டியதுபோல் தட்டையாக இருந்தால் அதிகச் சுமை: ஆழம் கூடுதல், மண் இறுகல், அல்லது எஞ்சினை முறுக்கிவிட்டு பி.டி.ஓ. போடும் பழக்கம். குறைந்த வேகத்தில் போட்டு, பிறகு பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று வரும்படி ஏற்றுங்கள். துண்டு வளைந்து, பக்கவாட்டில் தேய்ந்திருந்தால் பிளேஞ்ச் ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது. போல்ட் ஆடி ஆடியே உடைகிறது. பிளேஞ்சைச் சரிசெய்யாமல் எந்த போல்ட் போட்டும் பயனில்லை.

ஷாப்டின் உள்பக்க யோக் (ஜாயின்ட் கிராஸைப் பிடிக்கும் கவை) இரண்டும் ஒரே நேராக நிற்கின்றனவா என்றும் பாருங்கள். சதுரக் குழாய் ஷாப்டில் 90 டிகிரி மாற்றி மாட்டிவிட வழியுண்டு. அப்படி மாட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறி இறங்கி அதிரும்.

போல்ட் மாற்றும்போது எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேறு டிராக்டருக்கு மாற்றியதும் பி.டி.ஓ. ஷாப்ட் நீளமாக இருக்கிறது. நான்கு அங்குலம் வெட்டச் சொல்கிறது ஒரு வீடியோ.
- வாசகர், பெரம்பலூர்

பதில்: நான்கு அங்குலம் அவர்கள் டிராக்டருக்கு; உங்களுடையதற்கு அளந்துதான் வெட்ட வேண்டும். ஷாப்டைப் பிரித்து ஒரு பாதியை டிராக்டரிலும் மறுபாதியை ரொட்டவேட்டரிலும் மாட்டுங்கள். ரொட்டவேட்டரைத் தூக்கி இறக்கி, டிராக்டருக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவாகும் உயரத்தில் நிறுத்தி, அடியில் கட்டை கொடுங்கள். இரண்டு பாதியையும் பக்கம் பக்கமாகப் பிடித்து, முனைகளில் ஓர் அங்குலத்துக்குக் குறையாத இடம் விட்டுக் குறியுங்கள். உள்குழாய், வெளிக்குழாய், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றிலும் ஒரே அளவு வெட்டிப் பிசிர் நீக்கி, இரும்புத் தூளைத் துடைத்து, கிரீஸ் தடவுங்கள். ஷாப்ட் மிக நீளும் நிலையிலும் குழாயில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். உறையைக் கழற்றி எறியச் சொன்னால் கேட்காதீர்கள். வேட்டி நுனி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.

கேள்வி: ஹைட்ராலிக் ஹோஸில் கசிவை விரலால் தடவிக் கண்டுபிடிக்கலாமா?
- வாசகர், தாராபுரம்

பதில்: கூடாது. ஊசித் துளையிலிருந்து அழுத்தத்தோடு வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டையை நீட்டிப் பாருங்கள், ஆயில் படியும் இடம் தெரியும். ஏற்கெனவே கையில் பட்டிருந்தால், சிறு புள்ளிதான், வலியில்லை என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், ‘அழுத்த ஆயில் உள்ளே போயிருக்கிறது’ என்று சொல்லுங்கள்.