த்ரீ நாட் த்ரீ: கேள்விகளும் என் பதில்களும்

இருபது வருடமாக லீ-என்ஃபீல்டு ரைஃபிள்களைச் சேர்த்து வருகிறேன். நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் தோளில் பார்த்த அதே த்ரீ நாட் த்ரீதான், அதாவது .303 அளவுக் குண்டு போடுவது. இருப்பது டொராண்டோ பக்கம். நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

அண்ணா, முதல் ரைஃபிளாக எதை வாங்கலாம்? நான் பிராம்ப்டனில் இருக்கிறேன்.

முதலில் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து லைசென்ஸ் வாங்குங்கள் தம்பி. கடைக்குப் போவதெல்லாம் அப்புறம். சட்டமும் அடிக்கடி மாறுகிறது, வாங்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் இருப்பவருக்கு நான் சொல்வது லாங் பிராஞ்ச் நம்பர் 4. உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒன்டாரியோ ஏரிக்கரையில் லாங் பிராஞ்ச் என்ற இடத்தில் இருந்த தொழிற்சாலையில் 1941 முதல் செய்தது. போர் முடிவதற்குள் ஒன்பது லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தத் துப்பாக்கிகளைப் பரிசோதித்த கட்டடம் இன்றும் மிசிசாகாவில் கலைக்கூடமாக நிற்கிறது. ஒருநாள் போய்ப் பாருங்கள்.

வாங்கும்போது ரிசீவரின், அதாவது குழலுக்குப் பின்னால் உள்ள உலோக உடலின், இடது பக்கத்தைப் படியுங்கள். ஊர்ப்பெயர், வருடம், நடுவில் ‘எல்’ எழுத்து வரும் எண் எல்லாம் இருக்கும். குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்டின் கைப்பிடியில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால் நல்லது. பெயரோடு நட்சத்திரக் குறி போட்ட ஸ்டார் மாடலில் போல்ட் தலையைக் கழற்ற ஒரு வெட்டு இருக்கும், அதன் ஓரம் உடைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ‘டி.பி.’ என்று குத்தியிருந்தால் அது கவாத்துக்கு ஒதுக்கிய துப்பாக்கி. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதில் குண்டு போட்டுச் சுடவே கூடாது.

கட்டை கறுத்து அழுக்காக இருக்கிறது. தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா?

வேண்டாம். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

என் முதல் ரைஃபிளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். தோளில் வைக்கும் பின்கட்டையில் சின்னச் சின்ன முத்திரைகள் இருந்தன. பரிசோதகர் குத்தியது, பழுது பார்த்த பட்டறை குத்தியது. இரண்டு மணி நேரத்தில் அத்தனையும் தூளாகக் கொட்டிப் போயிற்று. அந்தத் துப்பாக்கி எங்கெல்லாம் போய் வந்தது என்று இனி எனக்குச் சொல்ல எதுவும் அதில் இல்லை. இன்றும் அதை எடுக்கும்போது மனசு கனக்கிறது.

அழுக்கு இருந்தால் துணியில் கொஞ்சம் டர்பன்டைன் தொட்டுத் துடையுங்கள். பிறகு ஆளி விதை எண்ணெயை உள்ளங்கையில் எடுத்துச் சூடு ஏறும்வரை தேய்த்துவிடுங்கள். சிப்பாய்களும் அந்த எண்ணெயைத்தான் பூசினார்கள். ஒன்று மறக்காதீர்கள்: எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பற்றும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

வேட்டைக்காரர் ஒருவரிடம் வாங்கினேன். முன்கட்டை பாதிதான் இருக்கிறது. பழையபடி ஆக்க முடியுமா?

போருக்குப் பிறகு இவை மலிவாக விற்கப்பட்டன. எடை குறையட்டும் என்று வேட்டைக்காரர்கள் கட்டையை அறுத்துவிட்டார்கள். கனடா முழுக்க இப்படி ஏராளம். குழலை அளந்து பாருங்கள். 25.2 அங்குலம் இருந்தால் குழலில் கை வைக்கவில்லை என்று அர்த்தம். பொறுமையாகத் தேடினால் மரமும் வளையங்களும் கிடைக்கும், பழைய உருவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். குழலையும் குறைத்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு குடும்பத்துக்கு மான் இறைச்சி கொண்டுவந்து தந்த துப்பாக்கி, அதுவும் ஒரு வரலாறுதான்.

ஐயா, என் தாத்தா தமிழ்நாடு போலீஸில் இருந்தவர். அவர் நினைவாகச் சென்னை வீட்டில் ஒரு .303 வைத்துக்கொள்ள முடியுமா?

முடியாதம்மா. இந்தியச் சட்டப்படி .303 தடைசெய்யப்பட்ட வகை, சாதாரணக் குடிமக்களுக்குக் கிடைக்காது. அதனால்தான் அதே அமைப்பில் .315 என்ற வேறு அளவில் ஒரு ரைஃபிளை இஷாப்பூர் தொழிற்சாலை பொதுமக்களுக்காகச் செய்தது. அதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

தாத்தாவின் பெல்ட், தொப்பி பேட்ஜ், பழைய போட்டோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். போட்டோவில் ரைஃபிள் தெரிந்தால் எனக்கு அனுப்புங்கள், எந்த மாடல் என்று சொல்லப் பார்க்கிறேன். உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தன்றுதான் இந்த ரைஃபிளுக்கு விடை கொடுத்தது. அவ்வளவு காலம் உழைத்திருக்கிறது.

பழைய ராணுவக் குண்டுகளைச் சுட்டால் குழல் துருப்பிடிக்கும் என்கிறார்களே, கார்டைட்டாலா?

கார்டைட் என்ற அந்தக் காலத்து வெடிமருந்து மேல் பழி போடுவார்கள், துருவுக்குக் காரணம் அது இல்லை. குண்டின் அடியில், முதலில் தீப்பொறி தரும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது ஒருவகை உப்பாகக் குழலில் படிகிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசியுமே, அதுபோல ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும். எண்ணெயில் உப்பு கரையாது. கொதிக்கும் வெந்நீரைப் புனல் வைத்துப் பின்பக்கமிருந்து ஊற்றுங்கள். குழல் சூடேறித் தானே காய்ந்துவிடும். அதன்பின் எண்ணெய். இதை அன்று மாலையே செய்துவிட வேண்டும்.

கொல்லச் செய்த கருவி. ஜாலியன்வாலாபாகில் சுட்டதும் இதே ரைஃபிள். இதை எப்படி ரசிக்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. ஆமாம், 1919 ஏப்ரல் 13 அன்று அங்கே சுடப்பட்டவை .303 குண்டுகள்தான். 1650 குண்டுகள் என்பது சுட உத்தரவிட்ட ஜெனரல் டயர் தரப்பிலேயே சொன்ன கணக்கு. என்னிடம் இருக்கும் அந்தக் காலத்து லீ-என்ஃபீல்டு மாடலான மார்க் 3-ஐ யாருக்குக் காட்டினாலும் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுப்பேன். அதற்கு ஐந்து வருடம் முன்பு பிரான்சின் குளிரிலும் சேற்றிலும் இந்தியச் சிப்பாய்கள் லீ-என்ஃபீல்டோடுதான் நின்றார்கள் என்பதையும் சொல்வேன். எனக்குப் பிடித்தது அந்த எஃகு வேலை, அந்தப் போல்டின் வழுவழுப்பு. அதற்காக மற்றதை மறைக்க எனக்கு மனம் வராது. பூட்டிய அலமாரிக்குள்ளேயே கிடந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் எடுத்துப் போய்க் காட்டுகிறேன்.

ரேஞ்சுக்கு வந்தால் எங்களுக்கும் சுடத் தருவீர்களா?

கட்டாயம் தருவேன். லைசென்ஸ் இல்லாதவர்கள் என் பக்கத்திலேயே, என் கண் முன்னால்தான் சுட வேண்டும். மேகசினில் பத்துக் குண்டு பிடிக்கும், முதல் நாள் நான் ஒன்றொன்றாகத்தான் தருவேன். பிறகு நீங்களே நிரப்பலாம். மேலே வைக்கும் குண்டின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும், மாறினால் சிக்கிக்கொள்ளும். பின்கட்டையைத் தோளில் நன்றாக அழுத்திப் பிடியுங்கள், இடைவெளி விட்டால் வலிக்கும். காதுக்கவசம் என்னிடம் நான்கு ஜோடி இருக்கிறது. அதற்கு மேல் ஆள் வருவதானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.