சபையில் பேசாமல் இருக்கும் இரண்டு குடும்பங்களைச் சமாதானம் பண்ணுவது எப்படி?

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் தமிழ்ச் சபையில் இரண்டு குடும்பங்கள் கடன் தகராறில் பேச்சை நிறுத்திவிட்டன. நடுவில் நின்று சமாதானம் பண்ண விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு இருவரையும் பிடித்து, கைகுலுக்க வைத்து, ஜெபம் பண்ணி அனுப்பிவிடாதீர்கள். நாலு பேர் முன்னால் மறுக்க முடியாமல் கை கொடுப்பார்கள். செவ்வாய்க்கிழமையே வாட்ஸ்அப்பில் பழைய கதை தொடங்கிவிடும்.

“அவர்தானே முதலில் வரவேண்டும்” என்பதுதான் பெரும்பாலும் முதல் முடிச்சு. மத்தேயு 5:23-24 குறை உண்டாக்கியவரைப் போகச் சொல்கிறது, காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டாவது. மத்தேயு 18:15 குற்றத்துக்கு ஆளானவரைப் போகச் சொல்கிறது, அதுவும் தனியாக. ஆக, காத்திருக்க இரண்டு தரப்புக்குமே வசனம் இல்லை. இதை இருவரிடமும் தனித்தனியே காட்டுங்கள். அந்த அதிகாரத்தின் படிகள்: முதலில் தனியாக, பிறகு ஓரிருவரோடு, கடைசியாகத்தான் சபையிடம். நேரே போதகரிடம் கொண்டுபோவது கடைசிப் படியை முதலில் மிதிப்பது.

தனிச்சந்திப்புக்கு ஆளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கோப்பிக்கடையும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளமும் வேண்டாம், தெரிந்தவர் யாராவது கண்டிப்பாகக் கடந்துபோவார். சபையில் ஓர் அறை போதும். நடந்தது என்ன, அதில் எது வலித்தது, என்ன செய்தால் மனம் ஆறும் என்று கேளுங்கள். கணக்கைப் பேநவ் (வங்கிவழிப் பணப் பரிமாற்றம்) பதிவுகளை வைத்துச் சரிபாருங்கள். ஆனால் பல சமயம் வலி பணத்தில் இருக்காது, கல்யாண வீட்டில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையில் இருக்கும். கிளம்புமுன், “இதில் எதை அவர்களிடம் சொல்லலாம்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் ஒரு சொல்லைக் கடத்தினாலும் அன்றோடு உங்களை நம்பமாட்டார்கள்.

கூட்டுச் சந்திப்பு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஒருவர் ஐந்து நிமிடம் பேசட்டும். மற்றவர் பதில் சொல்லுமுன், தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யும். “உங்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னியுங்கள்” என்பதை மன்னிப்பாக ஏற்காதீர்கள். செய்தது இன்னது என்று சொல்லி மன்னிப்புக் கேட்கவேண்டும். வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான் (லூக்கா 19:8). இங்கே அசலாவது வரட்டும். மாதம் 200 வெள்ளி (டாலர்) என்றால் தொகை, தேதி, கையெழுத்து எல்லாம் தாளில் இருக்கட்டும். “மன்னித்துவிட்டேன்” என்றால் கடனும் தள்ளுபடியா என்பதை அங்கேயே கேட்டுத் தெளிவாக்குங்கள். இதை விட்டுவிடுவதால்தான் பல சமாதானங்கள் மறுபடி உடைகின்றன.

விவகாரத்தில் அடிதடியோ மிரட்டலோ இருந்தால் நடுவர் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பாதிக்கப்பட்டவரை எதிரே உட்காரவைத்து “மன்னித்துவிடு” என்பது அவரை மறுபடி ஆபத்தில் தள்ளுவது. வன்முறை, கொடுமைக்கான தேசிய உதவி எண் 1800-777-0000. குடும்ப வன்முறை என்றால் குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம்.

இரு குடும்பங்களும் உங்களுக்கு மிக நெருக்கம் என்றால், சட்ட அமைச்சின் கீழ் 1998 முதல் இயங்கும் சமூக சமரச நிலையத்துக்கு அனுப்புவதே மேல். அங்கே பேசுவது ரகசியமாக இருக்கும். தமிழ் பேசும் நடுவர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் கழித்து, முதல் தவணை போனதா என்று இரு வீட்டுக்கும் ஒரு போன் போடுங்கள்.