ஏற்காட்டில் எடுத்த மூன்று படங்கள்: கருப்பு இறக்கை, சிவப்புப் புள்ளி. மூன்றும் ஒரே வண்ணத்துப்பூச்சிதானா?

இல்லை. பகோடா பாயிண்ட் போகும் வழியில் நீங்கள் எடுத்த முதல் படம் கிரிம்சன் ரோஸ். இரண்டாவது காமன் மார்மன் இனத்தின் பெண். மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் இரண்டையும் அருகருகே வைத்து இறக்கையை மட்டும் பார்த்தால் யாருக்கும் குழப்பம் வரும். இரண்டுக்குமே முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டை, பின்னிறக்கையில் சிவப்புப் புள்ளிகள், வால். சேலத்திலேயே பிறந்து வளர்ந்த நானும் பல ஆண்டுகள் இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடிதான் அதைத் திருத்தியது.

அந்தச் செடியில் ஒரு புழு இருந்தது. சிறியதாக இருந்தபோது காக்கை எச்சம்போலக் கிடந்தது, வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறியது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற சிவப்புக் கொம்பை நீட்டி நெடி கிளப்பும். அம்மா அதைக் கிள்ளி எறியப் போனார். நான் கேட்டு வாங்கி, கிளையோடு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வைத்து வளர்த்தேன். கூட்டுப்புழுவாகிச் சில நாள் கழித்து ஒரு காலையில் வண்ணத்துப்பூச்சி வெளியே வந்தது. வெள்ளைப் பட்டையும் சிவப்புப் புள்ளிகளும் தெரிந்தன. கிரிம்சன் ரோஸ் என்று எழுதிவைத்தேன். ஆனால் கிரிம்சன் ரோஸ் கறிவேப்பிலையில் முட்டையிடாது. அதன் புழு ஈஸ்வர மூலி, ஆடுதின்னாப்பாளை வகைச் செடிகளைத் தின்று வளர்வது.

ஆடுதின்னாப்பாளை என்ற பெயரிலேயே சேதி இருக்கிறது. ஆடுகூடக் கடிக்காத அந்தச் செடியின் நஞ்சைப் புழு தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. பறந்து திரியும் பருவத்திலும் அது நீங்குவதில்லை, அதனால் பறவைகள் கிரிம்சன் ரோஸைத் தவிர்க்கின்றன. கறிவேப்பிலையும் நாரத்தையும் எலுமிச்சையும் தின்று வளர்ந்த காமன் மார்மனுக்கு அந்த நஞ்சு கிடையாது. அதன் பெண்களில் சில ஆணைப்போலவே கருப்பில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு இருக்கும். சில காமன் ரோஸ் என்ற இன்னொரு நச்சு வண்ணத்துப்பூச்சி போல, சில கிரிம்சன் ரோஸ் போல இருந்து பறவைகளை ஏமாற்றும். ஒரே இனத்துக்குள் மூன்று தோற்றங்கள்! டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு இதை ஆள்கிறது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. காபித் தோட்டங்களில் ஆரஞ்சு மரங்களும் நிற்கும் ஏற்காட்டில் மார்மன் கண்ணில் படாமல் இருந்தால்தான் அதிசயம்.

எனவே படத்தைப் பெரிதாக்கும்போது இறக்கையை விட்டுவிட்டு முதலில் உடலைப் பாருங்கள். கிரிம்சன் ரோஸுக்குத் தலையும் வயிறும் குங்குமச் சிவப்பு. மார்மனுக்கு உடல் முழுக்கக் கருப்பு. மேலிருந்து எடுத்த படமானால் கிரிம்சன் ரோஸின் முதுகும் கருப்பாகத் தெரிந்து ஏமாற்றும், அப்போது தலையையும் வயிற்றின் நுனியையும் தேடுங்கள். முன்னிறக்கைப் பட்டை கிரிம்சன் ரோஸில் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், மார்மனில் மங்கிக் கலைந்திருக்கும். ஆனால் வெயிலில் எடுத்த படத்தில் இதை மட்டும் நம்ப வேண்டாம். காமன் ரோஸுக்கும் உடல் சிவப்புதான், பின்னிறக்கையின் நடுவில் உள்ள வெள்ளைத் திட்டு அதைப் பிரித்துக் காட்டிவிடும்.

வேறு ஆல்பங்களில் இதே தொல்லையைத் தருவது வெந்தய வரியன் (பிளெய்ன் டைகர்) என்ற வண்ணத்துப்பூச்சி. அதன் பின்னிறக்கை நடுவில் மூன்று நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். அதைப் போலவே தோன்றும் டானெய்ட் எக்ஃபிளை பெண்ணுக்குப் பின்னிறக்கையின் மேல் விளிம்போரம் ஒரு கரும்புள்ளி மட்டும். நீல வரியனையும் கருநீல வரியனையும் பிரிப்பது கடினம். கருநீலத்தில் நீலக் கோடுகள் ஒல்லியாக இருக்கும், அவ்வளவுதான் சுருக்கமாகச் சொல்ல முடியும்.

அடுத்த முறை மலையேறும்போது பக்கவாட்டில் ஒரு படம், அது முட்டையிடும் செடி தெரிந்தால் அந்தச் செடிக்கும் ஒரு படம் எடுத்து வையுங்கள். தேதியை அழிக்காதீர்கள். பூவில் தேன் குடிக்கும் படத்தைவிட இலையில் முட்டையிடும் படம் எனக்குப் பெரிது, ஏனென்றால் பூவுக்கு எல்லா இனமும் வரும்.

உங்கள் மூன்றாவது படத்தில் உடல் முழுவதும் உண்ணிச்செடிப் பூங்கொத்துக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. பட்டையும் கலங்கியிருக்கிறது. அதற்குப் பெயர் எழுத வேண்டாம். அதே நிமிடத்தில் எடுத்த வேறு படங்கள் போனில் இருந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சேருங்கள், உடலின் ஓர் ஓரம் தெரிந்தால்கூடப் போதும்.