லைப்போசோம் மருந்து கட்டியை எப்படிச் சென்றடைகிறது?

கேள்வி: சினைப்பைப் புற்றுநோய்க்காக என் அம்மாவுக்கு லைப்போசோமில் அடைத்த டாக்ஸோரூபிசின் ஏற்றுகிறார்கள். கட்டியைத் தேடிச் சென்று தாக்கும் நானோ மருந்து என்று சொன்னார்கள். அப்படியானால் இரண்டாம் முறை ஏற்றிய பிறகு உள்ளங்கையும் உள்ளங்காலும் ஏன் சிவந்து எரிகின்றன?

பதில்: இந்த மருந்து கட்டியைத் தேடிச் செல்வதில்லை, ரத்தத்தோடு நெடுநேரம் சுற்றிவருகிறது, கட்டிக்குள் கசிந்து தங்குகிறது. அம்மாவின் கைகால் எரிச்சலுக்கும் இந்த நீண்ட சுற்றுதான் அடிப்படை.

ஒவ்வொரு லைப்போசோமும் ஏறத்தாழ 80 முதல் 100 நானோமீட்டர் குறுக்களவுள்ள கொழுப்புக் குமிழி. அதன் மேலுள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சு, கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் அதை உடனே பிடித்துவிடாமல் தாமதப்படுத்துவதால், மருந்து சில நாட்கள் ரத்தத்திலேயே இருக்கிறது. இதயத் தசையின் ரத்தக் குழாய்களில் இடைவெளி மிகக் குறைவு என்பதால் குமிழி அங்கே எளிதில் வெளியேறாது. அவசரமாக முளைத்த கட்டியின் குழாய்களிலோ ஓட்டைகள் உண்டு. உள்ளே கசிந்ததை வடித்து வெளியேற்றும் நிணநீர் வழிகளும் அங்கே சரிவர இயங்குவதில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் மட்சுமுராவும் மயேடாவும் 1986இல் விளக்கிய இந்தத் தேக்கமே நானோ மருந்துத் துறையின் அடித்தளமானது.

ஆனால் இதை மிகைப்படுத்திச் சொல்வது நோயாளிக்கு நல்லதல்ல. விலங்குகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, ஏற்றிய நானோ துகள்களில் கட்டியை அடைவதன் இடைநிலை அளவு 0.7 சதவீதமே என்று கணக்கிட்டது. மனிதர்களில் கட்டிக்குக் கட்டி, ஆளுக்கு ஆள் இந்த அளவு பெரிதும் மாறுகிறது. துகளின் மேல் புற்றணுவைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடியை ஒட்டினாலும் பெரும்பாலும் அது புற்றணுவுக்குள் நுழைவதுதான் எளிதாகிறதே தவிர, கட்டிவரை வந்துசேரும் அளவு அவ்வளவாகக் கூடுவதில்லை. என் மதிப்பீட்டில் லைப்போசோமின் பெரிய ஆதாயம், சாதாரண டாக்ஸோரூபிசினைவிட இதயத்துக்கு நேரும் சேதத்தை அது குறைப்பதே.

நெடுநேரம் சுற்றும் மருந்து, அழுத்தமும் உராய்வும் சூடும் படும் தோலிலும் சிறுகச் சிறுகச் சேர்கிறது. ஆகவே மருந்து ஏற்றிய பின் சில நாட்களுக்கு வெந்நீர், இறுக்கமான செருப்பு, கையை அழுத்திச் செய்யும் வேலை, நீண்ட நடை ஆகியவற்றை அம்மா தவிர்க்கட்டும். வாசனையற்ற ஈரப்பதக் களிம்பைத் தேய்க்காமல் மெதுவாகத் தடவுங்கள். இப்போதுள்ள எரிச்சலை அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். கொப்புளமோ, நடக்க முடியாத வலியோ, வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே சொல்லுங்கள். அவர் தேதியைத் தள்ளிவைப்பார் அல்லது அளவைக் குறைப்பார். பெரும்பாலோருக்கு அதிலேயே தோல் தேறிவிடுகிறது. நீங்களாகச் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். சாதாரண டாக்ஸோரூபிசினும் இதுவும் ஒரே பெயரைத் தாங்கினாலும் அளவு வேறு, ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது என்பதால், மருத்துவமனை மாறினால் ‘லைப்போசோம்’ என்ற சொல் மருந்துச் சீட்டில் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.