பதினைந்து நரைத்த தலைகள்

அன்புள்ள சார்,

நான் வேல்ஸில் நியூபோர்ட் நகரில் மனைவி, பிள்ளைகளோடு வசிக்கிறேன். மென்பொருள் வேலை. பையனின் பள்ளி புராஜெக்டுக்காக, 1839-ல் ஓட்டுரிமை கேட்டுத் தொழிலாளிகள் இங்கே நடத்திய சார்ட்டிஸ்ட் எழுச்சியைப் பற்றிய உள்ளூர் வரலாற்றுக் கூட்டம் ஒன்றுக்கு அவனை அழைத்துப் போனேன். மொத்தம் பதினைந்து பேர். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. பேசியவர் தாளைப் பார்த்து முணுமுணுத்தார். பிறகு டீ, பிஸ்கட், அவர்களுக்குள் ஏதோ வாக்குவாதம். பையன் தூங்கிவிட்டான். நவம்பரில் அந்த எழுச்சியின் நினைவாக நடந்த தீப்பந்த ஊர்வலம் மட்டும் அவனுக்குப் பிடித்திருந்தது.

இப்படிப்பட்ட கூட்டங்களால் யாருக்கு என்ன பயன்? எங்கிருந்தோ பிழைக்க வந்த எங்களுக்கு இந்த ஊர் வரலாற்றோடு என்ன சம்பந்தம்? கார்லியன் ரோமானியக் கோட்டை, டிரான்ஸ்போர்ட்டர் பாலம் இரண்டில் எதைப் பிள்ளைகளுக்கு முதலில் காட்டலாம் என்றும் சொல்லுங்கள்.

ஆர்., நியூபோர்ட்

*

அன்புள்ள ஆர்.,

எளிதான கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கார்லியனுக்குப் போங்கள். ரோமானியரின் இரண்டாம் அகஸ்டன் படைப்பிரிவு கி.பி. 75 வாக்கில் கட்டிய கோட்டை. அதன் வட்ட அரங்கில் இப்போது புல்தான். பிள்ளைகள் ஓடி விளையாடட்டும், நீங்கள் விளக்கம் எதுவும் சொல்லாமல் சும்மா உட்கார்ந்திருங்கள். பாலம் 1906-ல் கட்டியது, எங்கும் போய்விடாது. திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு அப்புறம் ஒருநாள் போகலாம்.

உங்கள் கடிதத்தை உடனே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. உங்கள் ஊரில் இப்போது இல்லாத ஒரு சுவரைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

முதலில் இந்தப் 'பிழைக்க வந்தவர்கள்' புலம்பல். வெளிநாட்டிலிருந்து எழுதும் நண்பர்கள் எல்லோரும் இதை ஒரு பாட்டாகவே பாடுகிறீர்கள். நியூபோர்ட் யார் ஊர்? மேலே பள்ளத்தாக்குகளில் இரும்பு உலையும் நிலக்கரிச் சுரங்கமும் பெருகியபோது வேல்ஸின் கிராமங்களிலிருந்தும் மேற்கு இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பிழைக்க வந்தவர்களால் வளர்ந்த ஊர். 1839-ல் கூட்டத்தை நடத்தி வந்த மூன்று தலைவர்களில் ஒருவரான வில்லியம் ஜோன்ஸ், பிரிஸ்டலிலிருந்து வந்து பாண்டிபூலில் கடிகாரத் தொழில் செய்தவர். ஆற்றங்கரைச் சேற்றில் தோண்டியெடுத்து ஊரே பெருமைப்படும் அந்தப் பழைய கப்பல் இருக்கிறதே, அதன் ஓக் மரங்கள் பாஸ்க் நாட்டில் வளர்ந்து 1449 வாக்கில் வெட்டப்பட்டவை. அடிமரத்தில் பதித்திருந்த வெள்ளிக் காசு 1447-ல் பிரான்சில் அடித்தது. போர்ச்சுகல் பக்கம் வியாபாரத்துக்குப் போய்வந்த கப்பல், ரிப்பேருக்கு வந்த இடத்தில் சேற்றில் சாய்ந்து அங்கேயே தங்கிவிட்டது. அதை ஊர்க்கப்பல் என்று கொண்டாடுகிறார்கள். உங்களுக்கு மட்டும் என்ன குறை?

அந்தக் கப்பலைப் பார்த்தீர்களா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. உள்ளூரில் இருந்துகொண்டு பார்க்கவில்லை என்றால் எனக்கு உங்கள்மேல் கோபம்தான். சில வருடங்களுக்கு முன் கார்டிஃபில் இருக்கும் என் உறவினர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தபோது நான் போய்ப் பார்த்தேன். அரண்மனையிலோ பெரிய அருங்காட்சியகத்திலோ அது இல்லை, தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் இருந்தது. தன்னார்வலர்கள் குறிப்பிட்ட நாட்களில் திறந்து காட்டுவார்கள். எனக்கு வாய்த்தவர் லான்வெர்ன் எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உள்ளேயும் கம்பளித் தொப்பியைக் கழற்றாத மனிதர்.

பதினைந்தாம் நூற்றாண்டு வணிகம், ஒயின், கடற்கொள்ளை என்று பெரிதாக ஏதோ கேட்டேன். அவர் அதற்கெல்லாம் மசியவில்லை. ஒரே ஒரு பலகையின் முன் நிறுத்திவிட்டார். வாய்ச்சியால் செதுக்கிய தடம் இது, ஒன்றின்மேல் ஒன்றாகப் பலகை படியும் இடம் இது, இடுக்கில் தாரில் நனைத்த விலங்கு முடியை வைத்து அடைத்தது இங்கே, பிற்பாடு ஓட்டை விழுந்து ஒட்டுப் போட்டது இங்கே. "இந்த ஆளுக்கு அன்றைக்குக் கை ஓடவில்லை" என்று ஒரு கோணலான வெட்டைத் தடவிக் காட்டினார். பக்கத்தில் நின்ற இன்னொரு முதியவர், அது கோணல் இல்லை, மரத்தின் முடிச்சுக்கு விலகிச் செதுக்கியது என்றார். அவ்வளவுதான். இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். ஐந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் பெயர் தெரியாத ஒரு தச்சன் போட்ட ஒரு வெட்டுக்காக அவர்கள் முகம் சிவக்கச் சண்டை போட்டதை நான் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரலாற்றுக் கூட்டம் என்றால் எனக்கு அதுதான் அளவு.

அந்தக் கப்பல் நமக்குக் கிடைத்ததே சண்டையால்தான். 2002-ல் ரிவர்ஃபிரண்ட் அரங்கத்துக்காக ஆற்றங்கரையில் தோண்டினார்கள். மேடைக்கு முன்னால் இசைக்குழு உட்காரும் பள்ளத்தைத் தோண்டும்போது மரங்கள் தட்டுப்பட்டன. அளந்து பதிவு செய்துகொண்டு வேலையைத் தொடரலாம் என்பதுதான் முதலில் இருந்த எண்ணம். அரங்கம் கட்டப் பணம் ஒதுக்கியாகிவிட்டது, சேற்றில் கிடக்கும் மரத்துக்கு யார் செலவு செய்வது? ஊர்க்காரர்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள், கையெழுத்து வாங்கினார்கள், விடவில்லை. கடைசியில் வேல்ஸ் அரசு 35 லட்சம் பவுண்ட் தந்தது. ஏறத்தாழ 2,000 மரத்துண்டுகளைப் பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொன்றையும் மெழுகு போன்ற ஒரு வேதிப்பொருளில் வருடக்கணக்கில் ஊறவைத்து, உறைநிலையில் உலர்த்தி முடிக்க இருபது வருடம் ஆனது. இத்தனைக்குப் பிறகும் அதற்கு நிரந்தரமாக ஒரு வீடு அமையவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் அந்தக் கம்பளித் தொப்பிக்காரர்கள்தான்.

இப்போது சுவர். அதே ஊர்தான். 1839 எழுச்சியின் தலைவர் ஜான் ஃப்ராஸ்ட் பெயரில் உள்ள சதுக்கத்தின் சுரங்க நடைபாதையில், கென்னத் பட் என்ற கலைஞர் 1978-ல் அந்த எழுச்சியைக் காட்டும் ஒரு மொசைக் சுவரோவியம் செய்தார். 35 மீட்டர் நீளம், ஏறக்குறைய 2 லட்சம் சில்லுகள். ஈட்டியும் கொடியுமாக மக்கள் வருவது, வெஸ்ட்கேட் ஹோட்டல் வாசலில் துப்பாக்கிப் புகை. காய்கறி வாங்கப் போகிறவர்களும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளும் தினமும் அதை உரசிக்கொண்டு நடந்தார்கள். அங்கே ஒரு வணிக வளாகம் வரவேண்டியிருந்தது. பெயர்த்து வேறிடத்தில் வைக்கச் செலவு அதிகம் என்றார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கக் கேட்டதும் நடக்கவில்லை. எதிர்ப்பு அடங்குவதற்குள் 2013 அக்டோபர் 3 அன்று இயந்திரம் வந்து இடித்துவிட்டது. சதுக்கத்துக்கு மட்டும் இன்னும் ஜான் ஃப்ராஸ்ட் பெயர்தான்.

இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கப்பலுக்குக் கிடைத்தது சுவருக்கு ஏன் கிடைக்கவில்லை? சுவருக்கு வயது வெறும் 35 என்று ஒருவர் சொன்னார். சரி, கப்பலுக்கும் ஒருகாலத்தில் 35 வயது இருந்திருக்கும். எனக்குத் தோன்றுவது இது: கப்பலால் இன்று யாருக்கும் சங்கடம் இல்லை. சுவரில் இருந்தது ஓட்டுரிமை கேட்டு வந்த தொழிலாளிகளைச் சுட்டுக் கொன்ற காட்சி. அதற்காகத் திட்டமிட்டு இடித்தார்கள் என்று சொல்லமாட்டேன், சதிக்கெல்லாம் அவசியமே இல்லை, கடை வாடகை போதும். ஆனால் சங்கடம் தராத வரலாற்றுக்குப் பணமும் கூரையும் தேடுவது கொஞ்சம் சுலபம். அது எந்த ஊரிலும் அப்படித்தான்.

உங்கள் பையனுக்காக அந்தக் காட்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளட்டும். 1839 நவம்பர் 3, ஞாயிறு இரவு. கொட்டும் மழை. பள்ளத்தாக்குகளிலிருந்து சுரங்கத் தொழிலாளிகளும் இரும்புத் தொழிலாளிகளும் ஆயிரக்கணக்கில் கிளம்பினார்கள். தலைவர் ஜான் ஃப்ராஸ்ட் துணி வியாபாரி, அதே ஊரின் முன்னாள் மேயர். மழையாலும் ஒரு பிரிவு வந்து சேரத் தாமதமானதாலும் விடிந்த பிறகே, திங்கட்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில், வெஸ்ட்கேட் ஹோட்டலை அடைந்தார்கள். உள்ளே 45-ஆம் படைப்பிரிவுச் சிப்பாய்கள் முப்பது பேர் போல. அரைமணி நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் முடிந்துவிட்டது. செத்தவர்கள் 22 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அவர்களில் பத்துப் பேரைச் செயின்ட் வூலோஸ் ஆலய வளாகத்தில் அடையாளம் எதுவும் வைக்காமல் புதைத்தார்கள். ஹோட்டலில் காயம்பட்ட அப்போதைய மேயருக்கு ராணி 'சர்' பட்டம் தந்தார். ஃப்ராஸ்டுக்கும் மற்ற இரண்டு தலைவர்களுக்கும் தூக்கிலிட்டு உடலை நான்காகக் கூறுபோடும் தண்டனை. பிறகு அதைக் குறைத்துக் கப்பலேற்றி இன்றைய டாஸ்மேனியாவுக்கு அனுப்பினார்கள்.

அவர்கள் கேட்ட ஆறு கோரிக்கைகளில் ஐந்து பின்னால் சட்டமாகிவிட்டன. வேட்பாளருக்குச் சொத்து இருக்கவேண்டும் என்ற விதி 1858-ல் போனது, ரகசிய வாக்கெடுப்பு 1872-ல் வந்தது, எம்.பி.க்களுக்குச் சம்பளம் 1911-ல், ஆண்கள் அனைவருக்கும் ஓட்டு 1918-ல். நீங்கள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் அங்கே வாக்களிக்கலாம், தெரியுமா? பட்டியலில் பெயர் சேர்த்தீர்களா? என்ன சம்பந்தம் என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதுவதற்கு முன் அதைப் பார்த்திருக்கலாம்.

தீப்பந்த ஊர்வலம் எனக்கும் பிடிக்கும். பெல் வியூ பூங்காவில் கிளம்பி வெஸ்ட்கேட் வரை அவர்கள் நடந்த வழியில் நடப்பது நல்ல விஷயம்தான். பையனை வருடா வருடம் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு ஒரே குறை, அதில் எல்லோரும் ஜெயித்தவர்களைப் போல நடக்கிறார்கள். 1839-ல் வந்தவர்கள் தோற்றார்கள். ஈட்டியை வயலில் எறிந்துவிட்டு ஓடினார்கள். ஊர்வலத்தில் தோல்விக்கு இடமில்லை, திருவிழாவில் அதை எப்படிக் காட்டுவது? அந்தத் தோல்வி இன்னும் பேச்சாக இருக்கும் இடம் நீங்கள் சலித்துக்கொண்டு வந்த அந்தக் கூட்டம்தான்.

'அவர்களுக்குள் ஏதோ வாக்குவாதம்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்குத் தலைக்கு ஏறியது. கூட்டத்தின் உயிரே அதுதானே! பேச்சாளர் முணுமுணுக்கட்டும், அவர் வேலை தொடங்கிவைப்பது. ஃப்ராஸ்ட் ஆட்சியைப் பிடிக்க வந்தாரா, பலத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வந்தாரா, ஹோட்டலில் பிடித்து வைத்திருந்த தோழர்களை விடுவிக்க மட்டுமா? முதல் குண்டு உள்ளேயிருந்தா, வெளியிலிருந்தா? ஹோட்டல் தூண்களில் இருக்கும் துளைகள் உண்மையில் குண்டு பாய்ந்தவையா? வரலாற்றாசிரியர்கள் இதையெல்லாம் எழுதி எழுதி ஓயவில்லை. அந்தப் பதினைந்து பேரும் ஓயவில்லை. கண்காட்சிப் பலகையில் நாலு வரியில் முடிந்துபோன விஷயத்தை அவர்கள் முடியவிடாமல் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை இயந்திரம் வரும்போது வேலிக்கு வெளியே முதலில் போய் நிற்கப்போவதும் அந்த நரைத்த தலைகள்தான். ஜெயிக்கலாம், தோற்கலாம். 2002-ல் ஒன்று நடந்தது, 2013-ல் மற்றொன்று. நீங்களோ பிஸ்கட்டை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. புரொஜெக்டர் வேலை செய்யவில்லை என்று குறைப்படுகிறீர்கள். மென்பொருள் வேலையில் இருப்பதாகவும் அதே கடிதத்தில் சொல்கிறீர்கள். எழுந்து போய் அந்த வயரைச் சொருகிப் பார்த்தீர்களா? எழுபது வயதுப் பெரியவர் நாற்பது வருடமாகச் சேர்த்த படங்களைக் காட்ட முடியாமல் திணறுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்துக்குக் கால்மணி நேரம் முன்னதாகப் போய் அதைச் சரிசெய்து கொடுங்கள். டீ ஊற்றவும் ஆள் தேவைப்படும்.

பையனை எழுப்பாமல் விட்டது சரி. களைத்திருப்பான். அவனுக்கு ஒரு விஷயம் சொல்லி வையுங்கள். ஹோட்டல் வாசலில் செத்தவர்களில் ஜார்ஜ் ஷெல் என்று பாண்டிபூலைச் சேர்ந்த ஓர் இளைஞன், இருபது வயதுகூட இல்லை. கிளம்புவதற்கு முன் பெற்றோருக்கு எழுதியதாக ஒரு கடிதம் அப்போதே அச்சில் வந்தது. உயிரோடு இருந்தால் சீக்கிரம் வருகிறேன், இல்லையென்றால் எனக்காக வருந்தாதீர்கள் என்று. அது அவனே எழுதியதுதானா என்பதிலும் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. உங்கள் பையனைவிட்டு அதை அந்தக் கூட்டத்தில் கேட்கச் சொல்லுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள். பேச்சாளர் எப்படிப் பேசினார் என்று வேண்டாம். யார் யாரோடு மோதினார்கள், எந்தக் கட்சிக்கு எத்தனை பேர், அது மட்டும் போதும்.