மேரா சிகரத்துக்குப் போகிறோம்: சுங்கை சிப்புட் வாசகர்களுக்குப் பதில்கள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்த நான்கு நண்பர்கள், நேப்பாளத்தில் 6,476 மீட்டர் உயரமுள்ள மேரா சிகரத்துக்கு வழிகாட்டிகளோடு போகத் திட்டமிட்டிருக்கிறார்கள். அவர்களும் வீட்டாரும் கேட்டு எழுதியவற்றுக்கு இந்த மாதம் பதில்.

இரண்டு நிறுவனங்கள் பயணத் திட்டம் அனுப்பியிருக்கின்றன. ஒன்று 14 நாள், இன்னொன்று 19 நாள். 14 நாள் திட்டம் மலிவு, லீவும் குறைவாகப் போதும். நாங்கள் நால்வரும் கோர்பு மலை ஏறியவர்கள். மலிவானதையே எடுக்கலாமா?

வேண்டாம். கோர்பு 2,183 மீட்டர். மேராவுக்குப் போகிறவர் விமானத்தில் இறங்கும் லுக்லாவே 2,860 மீட்டர். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதிதான். அதற்கு உடம்பு பழக நாள் பிடிக்கும். கால் பலத்தைக் காட்டி அந்த நாளைக் குறைக்க முடியாது. சொல்லப்போனால் பலசாலிக்குத்தான் ஆபத்து அதிகம். மூச்சு வாங்காமல் முன்னால் ஓடி, உடம்பு பழகுவதற்குள் மேலே போய்விடுவார்.

ஒரு பென்சிலை எடுத்து, இரண்டு திட்டத்திலும் ஒவ்வொரு இரவும் தூங்கும் இடத்தின் உயரத்தை எழுதிப் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் அது ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். நாளைக் குறைக்கும் திட்டங்கள் லுக்லாவிலிருந்து நேராக சத்ர்வா லா கணவாயில் ஏற்றிவிடும். அது சுமார் 4,600 மீட்டர், அதுவும் இரண்டாம் மூன்றாம் நாளிலேயே. பலருக்குத் தலைவலி அங்கேயே ஆரம்பித்துவிடும். நீண்ட திட்டம் தெற்கே பாங்கோம் வழியாகச் சுற்றி, முதல் சில நாள்களைத் தாழ்வான காட்டிலேயே கழிக்கும். திரும்பும்போதுதான் சத்ர்வா லா வரும். அதுதான் சரி.

அதிலும் ஓர் இடத்தைப் பாருங்கள். கோத்தேயிலிருந்து (சுமார் 3,600) தாங்நாக்குக்கு (சுமார் 4,350) ஒரே நாளில் 700 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. ஆகவே தாங்நாக்கில் இரண்டு இரவு இருக்க வேண்டும். 5,000 மீட்டர் உயரத்துக் காரேயிலும் அப்படியே. சிகர நாளில் காற்று அடித்தால் காத்திருக்க ஒரு நாள் உபரியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மண்டோர் வேலை. ஜிம்முக்கு நேரமில்லை. எப்படிப் பயிற்சி எடுப்பது?

ஜிம் வேண்டாம். ஐந்து மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம் மேட்டில் ஏறி இறங்குங்கள். செம்பனைப் படிமேடுகள் இருக்கும்போது வேறு எங்கே தேடுவது? வாரக் கடைசியில் ஐந்தாறு மணி நேர நடை. முதுகுப்பையில் 5 கிலோவில் ஆரம்பித்து 12 கிலோ வரை கூட்டுங்கள். தண்ணீர் பாட்டிலாகவே சுமந்தால், இறங்கும்முன் கொட்டிவிட்டு முட்டியைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். சிகர நாளில் நள்ளிரவுக்குப் பின், இரண்டு மணி வாக்கில் தலைவிளக்கோடு கிளம்ப வேண்டும். பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு அது புதிதில்லை.

கினபாலு (4,095 மீட்டர்) போய்வந்தால் நல்லது. ஆனால் அங்கே உடம்பு பழகியது சில வாரத்தில் போய்விடும். நேப்பாளத்துக்கு அது கணக்கில் வராது. எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்ட மலேசியர்களான மகேந்திரனும் மோகன்தாஸும் (1997 மே 23) பனிமலை இல்லாத இந்த நாட்டிலிருந்து போனவர்கள்தாம்.

ஐயா, என் மகன் வலி என்றால் வாய் திறக்க மாட்டான். மலை நோய் வந்தால் கூட இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

அம்மா, நல்ல கேள்வி. மறைக்கிறவர்களால்தான் காரியம் கெடுகிறது. தலைவலியோடு குமட்டல், தலைச்சுற்றல், அளவுமீறிய அசதி இவற்றில் ஒன்று சேர்ந்தால் மலை நோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அன்று மேலே போகக்கூடாது. மறுநாளும் குறையவில்லை என்றால் கீழே இறங்க வேண்டும்.

மற்ற மூவரும் கவனிக்க வேண்டியது: சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறானா, ஷூ கயிறு கட்ட வழக்கத்தைவிட நேரம் எடுக்கிறானா, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறானா. சந்தேகம் வந்தால் தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகால் முன்பாதத்தில் தொடும்படி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம் என்று பொருள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அல்லது விடாத இருமல் இருந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுக்கும் உண்மையான மருந்து ஒன்றே: உடனே இறங்குவது, இரவானாலும் சரி, துணையோடு. பொழுது விடியட்டும் என்று காத்திருந்து உயிரை விட்டவர்கள் உண்டு. நிறுவனத்திடம் ஆக்ஸிஜன் உருளை, காற்றடித்து உள்ளே படுக்க வைக்கும் அழுத்தப் பை, செயற்கைக்கோள் போன் மூன்றும் உள்ளனவா என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். மகன் மட்டும் இறங்க நேர்ந்தால் அவனோடு போக இரண்டாவது வழிகாட்டி இருக்கிறாரா என்பதும் முக்கியம்.

மலை நோயைத் தடுக்கும் டயமோக்ஸ் மாத்திரை எடுக்கலாமா?

மருத்துவர் சொன்னால் எடுக்கலாம். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரு முறை, உயரம் ஏறத் தொடங்கும் முந்தைய நாளிலிருந்து. அது நோயை மறைக்காது, உடம்பு பழகுவதைத் துரிதப்படுத்தும். விரல் நுனி ஊறும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா பானங்கள் சப்பென்று ருசிக்கும், பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஊரில் ஒரு மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

சாமான்களை வாங்குவதா, வாடகைக்கா?

ஷூவையும் உள்ளுடைகளையும் வாங்குங்கள். மற்றதைக் காட்மாண்டுவின் தமேல் கடைத்தெருவில் வாடகைக்கு எடுக்கலாம்: டவுன் ஜாக்கெட் (பறவை இறகு அடைத்த குளிர்ச்சட்டை), மைனஸ் 20 பாகை தாங்கும் தூக்கப் பை, பனிக்கோடரி, கிராம்பான் (ஷூவின் அடியில் மாட்டும் இரும்பு முள்). உயர முகாமுக்கான இரட்டை அடுக்கு ஷூவை வாடகைக்கு எடுத்தால், தடித்த காலுறையோடு அணிந்து சரிவில் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் இடித்தால் ஒரு அளவு பெரியதை எடுங்கள். கிராம்பானை அந்த ஷூவிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடையில் ஆடுகிறது என்றால் பனியில் கழன்றுவிடும்.

உச்சிக்குக் கீழே ஒரு செங்குத்துச் சரிவில் நிலைக்கயிறு இருக்கும். அதில் ஜூமார் (கயிற்றில் மேலே மட்டும் நகரும் பிடி) மாட்டி ஏறி, எட்டு வடிவ வளையத்தில் இறங்க வேண்டும். வீட்டு ரம்புத்தான் மரத்தில் கயிறு கட்டி, தடித்த கையுறையைக் கழற்றாமல் காராபினரை (கயிற்றில் மாட்டும் உலோகக் கொக்கி) திறந்து பூட்டப் பழகுங்கள். மேலே கையுறையைக் கழற்றுகிறவருக்குத்தான் விரல் போகிறது.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேலிருந்துதான் உறையும், மூடி அடைக்காது. குழாய் வைத்த தண்ணீர்ப் பை முதலில் உறைந்துவிடும். விளக்கு பேட்டரியைத் தூக்கப் பைக்குள் வைத்துத் தூங்குங்கள். நால்வரில் யாராவது இன்சுலின் போடுபவரானால் அதுவும் உடம்போடுதான். உறைந்த இன்சுலினை மீண்டும் பயன்படுத்தக்கூடாது. சர்க்கரை அளக்கும் கருவி குளிரில் பிசகும்.

காப்புறுதி?

பாலிசியில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: உயர வரம்பு 6,500 மீட்டருக்குக் குறையக்கூடாது, கயிறு, பனிக்கோடரி பயன்படுத்தும் மலையேற்றத்தை விலக்கியிருக்கக்கூடாது. ஹெலிகாப்டர் மீட்பு தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். தேவையில்லாமல் ஹெலிகாப்டர் அழைத்துக் காப்புறுதிப் பணம் பிடுங்கிய மோசடியை 2018-ல் நேப்பாள அரசே விசாரித்தது. ஆகவே உயிர் ஆபத்து இல்லாதபோது முதலில் காப்புறுதி நிறுவனத்துக்குப் போன் போடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவன். கஷ்டமா?

கஷ்டமே இல்லை, நல்லதுகூட. மேலே கிடைக்கும் இறைச்சி குளிர்பெட்டி இல்லாமல் நாள்கணக்கில் சுமந்து வரப்பட்டது. பருப்பும் சோறும் கேட்டால் மறுபடியும் போடுவார்கள்.

அக்டோபர் கடைசியில் கிளம்பினால் தீபாவளிக்குள் திரும்பலாமா?

அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். மலையேறும் பருவகாலத்தில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காட்மாண்டுவிலிருந்து நான்கைந்து மணி நேரத் தூரத்து ராமேசாப்பிலிருந்து பறக்கின்றன. மேகம் மூடினால் ஒன்றிரண்டு நாள் நின்றுவிடும். திரும்பும் பயணத்துக்கு இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். அந்த விமானத்தில் பொதி 15 கிலோவைத் தாண்டக்கூடாது. தீபாவளிதான் முக்கியம் என்றால் ஏப்ரல் கடைசியில் போங்கள்.